வானத்துக்குப் போகிற எண்ணெய்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். லிஃப்டில் ஏற மாட்டேன். ராட்டினத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். விமானத்தில் இதுவரை ஏறியதில்லை, ஏறப்போவதும் இல்லை. அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் விமானத்துக்கு எண்ணெய் சேர்க்கிற வேலையில் உட்காரவைத்தது யார் என்று கேட்டால், வேறு யாரும் இல்லை, நானேதான்.

நான் ஆபீஸ் வேலை பார்த்துவந்த தனியார் பள்ளியை மூடிவிட்டார்கள். நாற்பத்தைந்து வயதில் வேறு என்ன வேலை கிடைக்கும் என்று வேங்கிக்கால் வீட்டில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது, தெரிந்தவர் ஒருவர் மூலம் இது வந்தது. வேலூர் பக்கத்து ஆள் ஒருவர் நடத்திய சின்னக் கம்பெனி. ஓட்டல், மெஸ், பஜ்ஜிக் கடை என்று எண்ணெய்ச் சட்டி காய்கிற இடமெல்லாம் போய், பொரித்து முடித்து மிஞ்சும் எண்ணெயைக் கேனில் சேர்க்க வேண்டும். அது டேங்கரில் ஏறி சென்னைப் பக்கம் ஒரு பெரிய ஆலைக்குப் போகும். அங்கே அதை விமானம் குடிக்கிற எரிபொருளாக மாற்றுவார்கள். பூமியைத் தோண்டி எடுக்கிற எண்ணெயை எரித்தால் கெடுதி ஜாஸ்தி, ஏற்கெனவே ஒருமுறை பயன்பட்ட எண்ணெயை எரித்தால் கெடுதி கம்மி. ஓனர் எனக்கு இப்படித்தான் விளக்கினார். நல்ல காரியம்தானே என்று எனக்கும் தோன்றியது.

என் வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீஸில் கிளார்க். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு போடாமல் விட்டிருக்க வேண்டும். "உன்ன நம்பி பிளேன் பறக்கப் போவுதா? ஏறுறவங்ககிட்ட ஒரு வார்த்த முன்னாடியே சொல்லிடுங்கப்பா, பாவம்" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்குள் போய் நன்றாக உட்கார்ந்துகொண்டது.

வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, எண்ணெய் கிடைப்பது அத்தனை லேசு இல்லை என்று. ஊர் முழுக்க எண்ணெய்ச் சட்டிதான். ஆனால் மிஞ்சின எண்ணெய் என்று கேட்டால் எவரிடமும் இருக்காது. காந்தி சிலைப் பக்கம் பஜ்ஜி போடுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மிஞ்சினாத்தானே மேடம் குடுக்கறது? நேத்து எண்ண மேலதான் இன்னைக்கு எண்ண ஊத்தறோம்" என்றார். மறைக்கவே இல்லை, பெருமையாகக்கூடச் சொன்னார். பெரிய ஓட்டல்களில் மிஞ்சும். ஆனால் விடிகாலையில் யாரோ வந்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பார்கள். யார் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். ரமணாசிரமம் பக்கத்துக் கஃபேக்களுக்குப் போனால், அங்கே வெள்ளைக்காரர்கள் பச்சை இலையை மென்றுகொண்டிருப்பார்கள். எண்ணெய்க்கு அங்கே ஜோலியே இல்லை.

என்னிடம் பேனா மாதிரி ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். சூடான எண்ணெயில் முனையை நனைத்தால் பச்சையோ மஞ்சளோ சிவப்போ காட்டும். சிவப்பு வந்தால் அந்த எண்ணெயில் இனி சமைக்கக்கூடாது. அதைக் கையில் எடுத்தாலே கடைக்காரர்கள் என்னை ஆபீசர் என்று நினைத்துப் பயந்தார்கள். சத்தம் போட்டு அடிக்க வந்துவிடுவார்களோ என்று நான் அவர்களைப் பார்த்துப் பயந்தேன். இப்படி இரண்டு பக்கமும் பயந்துகொண்டே ஒரு வருஷம் ஓடியது.

உண்மையான பயம் கையெழுத்துதான். ஒவ்வொரு கேனிலும் எந்தக் கடையில் எடுத்தது என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். டேங்கர் நிரம்பியதும் ஒரு காகிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். சமையலில் பயன்பட்ட எண்ணெய் தவிர வேறெதுவும் இதில் கலக்கவில்லை, நானே நேரில் பார்த்தேன் என்று அதில் இருக்கும். எதற்கு இவ்வளவு என்று ஓனரிடம் கேட்டேன். "வெளிநாட்டுக்காரன் சந்தேகப்படறாம்மா. புது பாமாயில பழசுன்னு சொல்லி தள்றவங்க இருக்காங்க. அதான் ஒரு சொட்டுக்குக்கூட அது எங்க பொறந்ததுன்னு பேப்பர் கேக்கறான்" என்றார்.

சென்னையிலிருந்து மேற்கே போகிற விமானங்கள் எங்கள் ஊருக்கு மேலே நல்ல உயரத்தில் போகும். மலை உச்சியைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் அதற்கும் மேலே வெள்ளைக் கோடு இழுத்துப் போகிற விமானத்தைப் பார்ப்பேன். அதில் நம் எண்ணெய் இருக்குமோ என்ற நினைப்பு வந்தவுடனே, உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் நினைப்பு வரும். அது மலையைத் தாண்டிக் கண்ணுக்கு மறையும் வரை நகர மாட்டேன். பிறகுதான் வண்டியை ஸ்டார்ட் செய்வேன்.

எனக்கு நன்றாக எண்ணெய் கொடுத்தது ஒரே ஓர் இடம், கிரிவலப் பாதையில் இருந்த ஓர் அன்னதானக் கூடம். பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். பௌர்ணமிக்கும் விசேஷ நாட்களுக்கும் மத்தியானம் தொடங்கிக் கூட்டம் ஓயும் வரை சாப்பாடு. சோறு, சாம்பார், கூட்டு, இலைக்கு ஒரு வடை, அப்பளம். தலைவி மாதிரி ஓர் அம்மா இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெண்கலக் குரல். அவர் அதட்டினால் வரிசை தானாக நேராகிவிடும்.

முதல் தடவை போனபோது முடியாது என்றுவிட்டார். "அன்னதானத்துல மிஞ்சினத விக்கக்கூடாதுங்க. அது பாவம். நாங்க பின்னாடி குழி தோண்டி ஊத்திடுவோம், யாரும் மிதிக்காத எடத்துல."

அப்போதுதான் நான் வாயைக் கொடுத்தேன். பயந்தவர்களுக்குப் பேசத் தெரியாது என்று யார் சொன்னது? காரியம் ஆக வேண்டும் என்றால் எங்களுக்குத் தேன் ஒழுகும். "விக்க வேணாம்மா, சும்மா குடுங்க. இத யாரும் திரும்ப சாப்ட மாட்டாங்க. யார் காலும் படாது. நேரா வானத்துக்குப் போயிடும்" என்றேன்.

அவர் மலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வானத்துக்கா?"

"ஆமாம்மா. பிளேன்ல ஊத்தி எரிச்சிடுவாங்க."

"அப்ப எடுத்துக்கினு போங்க. யாரும் சாப்டக்கூடாது, அது ஒண்ணுதான். கருகின எண்ணைய ஜனங்களுக்குப் போட்டா நாங்க பண்ற தர்மமே வீணாப்பூடும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்த ஒரு நிபந்தனைதான். அவரைப் பார்த்துப் பாதையில் இன்னும் நாலைந்து கூடங்கள் கேன் வாங்கி வைத்துக்கொண்டன.

இந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாளும் அடுப்பு அணையவில்லை. தீபம் முடிந்த மூன்றாம் நாள் எங்கள் குடோனில் கேன்கள் சுவரை மறைத்து நின்றன. ஒரே மாதத்தில் டேங்கர் நிரம்பியது அதுதான் முதல் தடவை. காலையில் கேன்களைத் திறந்து ஊற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். பஜ்ஜி எண்ணெய் நாற்றம் எனக்குப் பழகிப்போனது. அன்றைக்கு நடுநடுவே வேறொரு வாசனை வந்தது. சந்தனமா, பன்னீரா என்று தெரியவில்லை. ஊற்றுகிற ஆள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "வடைக்கு சென்ட்டு அடிச்சிருப்பாங்க போல மேடம்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். நிறுத்தி என்னவென்று பார்த்திருக்க வேண்டும். பத்து நாள் அலைந்த அலுப்பில், டேங்கர் நிரம்புகிறதே என்ற சந்தோஷத்தில், காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். வண்டி கிளம்பிப் போனது.

அன்று பத்தரை மணிக்குக் காலி கேன்களைத் திருப்பிக் கொடுக்க அன்னதானக் கூடத்துக்குப் போனேன். அந்தம்மா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார். "இந்த வாட்டி எண்ண ஜாஸ்தி இருந்துச்சில்ல? பாத்தீங்களா?"

"ஆமாம்மா, டேங்கரே ரொம்பிடுச்சி."

"ரொம்பாம இன்னா பண்ணும்? சாமி வெளக்குல மிஞ்சின எண்ணையும் அதுலதானே ஊத்தினோம்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே விளக்கினார். பாதையில் உள்ள கோயில்களில் பெரிய அகலில் ஆளாளுக்கு எண்ணெய் ஊற்றுவார்கள். அது வழிந்து கீழே தட்டில் தேங்கும். தீபத்தின்போது வாளி வாளியாக நிறையும். சாமிக்கு ஊற்றியதைச் சாக்கடையில் விடக்கூடாது, கால் படுகிற இடத்தில் கொட்டக்கூடாது. ஒவ்வொரு வருஷமும் அதை என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடுவார்களாம். இந்த வருஷம் இவர்தான் வழி சொன்னாராம். "யார் காலும் படாது, நேரா வானத்துக்குப் போவுதுன்னு நீங்கதானே சொன்னீங்க. சாமி எண்ணைக்கு அத விட நல்ல எடம் ஏது? எல்லாரையும் கொண்டாந்து இந்தக் கேன்லயே ஊத்தச் சொல்ட்டேன். மத்த கூடத்துலயும் அப்படித்தான் பண்ணாங்க."

அவர் முகத்தில் அவ்வளவு நிறைவு. சுவர் ஓரம் ஒரு சாக்கு நிறையக் காலி எண்ணெய்ப் பாக்கெட்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் பாக்கெட், சாமி படம், கீழே "விளக்கேற்ற மட்டும், சமையலுக்கு உகந்ததல்ல." அதற்கும் கீழே கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில், மினரல் ஆயில் கலந்தது என்று இருந்தது. பூமியைத் தோண்டி எடுக்கிற எண்ணெய்தான் அது. எதற்குப் பதிலாக நாங்கள் பஜ்ஜி எண்ணெய் சேர்க்கிறோமோ, அதே எண்ணெய். வாசனைக்குச் சந்தன சென்ட்.

அந்தம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. மாலை வருகிறேன் என்று ஏதோ உளறிவிட்டு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணுக்கு முன்னால் விமானம்தான். இன்ஜின் இருமுகிறது, நிற்கிறது, கீழே வருகிறது. ஜன்னல் ஓரம் ஒரு குழந்தை. காகிதத்தில் என் கையெழுத்து. இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. போனை இரண்டு தடவை கீழே போட்டேன்.

ஓனருக்கு அடித்தேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். என் தப்புதான், நான்தான் அவர்களிடம் அப்படிப் பேசினேன், வாசனை வந்தும் பார்க்காமல் விட்டேன் என்று அழுதேன். "பிளேன் விழுந்துடுமாங்க?" என்று கேட்டேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மெதுவாக, "பிளேனெல்லாம் ஒண்ணும் விழாதும்மா. ஆலையில பத்து டெஸ்ட் பண்ணித்தான் உள்ள வுடுவாங்க. நீ கம்முனு வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு. யாருகிட்டயும் இதப் பேசாத. நான் பாத்துக்கறேன்" என்றார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. டெஸ்ட் பண்ணுவார்கள். கண்டுபிடிப்பார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்புவார்கள். வேலை போகும், போகட்டும். வழியில் கடையில் நிறுத்தி டீகூடக் குடித்தேன். பாதி டீ குடிப்பதற்குள் அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. பயந்தாங்கொள்ளிகளுக்கு இது ஒரு வியாதி, ஒரு பயம் போனால் அந்த இடம் காலியாக இருக்காது. ஆலை வேண்டாம் என்று திருப்பிவிட்டால், அந்த டேங்கர் எண்ணெய் எங்கே போகும்? கொட்டவா போகிறார்கள்? ஓனர் ஏன் கத்தவில்லை? என்னிடம் ஒரு கேன் குறைந்தாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற மனுஷன்.

டேங்கர் டிரைவர் நம்பர் என்னிடம் இருந்தது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்து போகிற ஆள். மரியாதையாகப் பேசுவார். ஓனர் சொல்ல மறந்திருந்தால் நாமே சொல்லி வண்டியை நிறுத்திவிடலாம் என்று அவருக்கு அடித்தேன். அதற்குள் அவர் திண்டிவனம் தாண்டியிருப்பார் என்று என் எண்ணம்.

"எங்கண்ணா இருக்கீங்க?"

"இங்கதான் மேடம், அவலூர்பேட்ட ரோட்ல, பழைய ரைஸ் மில்லாண்ட. சொல்லுங்க."

எங்கள் குடோனிலிருந்து அது பத்து நிமிஷத் தூரம். வண்டி ரிப்பேராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படித்தான் நினைக்க முயன்றேன் என்று சொல்ல வேண்டும்.

மில் மூடி வருஷக்கணக்காகிறது. முன்னால் நெல் காயவைக்கிற களத்தில் புல் முளைத்துக் கிடந்தது. பின்பக்கம் ஷெட்டில் எங்கள் டேங்கர் நின்றது. அதன் பின்னாலிருந்து ஒரு ஹோஸ் ஷெட்டுக்குள்ளே போயிருந்தது. டிரைவர் நிழலில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார்.

"அண்ணா, இத இங்க எறக்காதீங்க. சாமி வெளக்கு எண்ண கலந்துடுச்சி. ஓனர் போன் பண்ணலயா? ஆலைக்கும் கொண்டு போவாதீங்க, நிறுத்துங்க."

அவர் கையில் சோற்றோடு என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஓனர் இன்னும் ஒண்ணும் சொல்லலியே. எந்த ஆல மேடம்? எப்பவும் இங்கதானே எறக்கறோம்."

"எப்பவும்னா?"

"நான் வந்த நாள்லருந்து இங்கதான். எறக்கிட்டு காலி வண்டிய எடுத்துக்கினு வேலூர் போயிடுவேன். உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சிக்கினு இருக்கேன்." அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவர் சாப்பாட்டைத் தொடர மாட்டார். அவர் தொடர்ந்தார்.

நான் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு தொட்டி. ஒன்றில் கறுப்பாக எங்கள் எண்ணெய். அதில் ஏதோ வெளுக்கிற பொடியைப் போட்டுக் காய்ச்சித் துணியில் வடிக்கிறார்கள். இன்னொரு தொட்டியில் தெளிந்து நின்றது, பொன் நிறத்தில். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது. நானே கடையில் பார்த்தால் வாங்கியிருப்பேன். பதினைந்து கிலோ டின்களில் ஊற்றி மூடி அடித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் பின்னாலிருந்து, "தீபம் வந்தா டின்னே பத்தாது மேடம். பஜ்ஜிக்கடக்காரங்க, மெஸ்காரங்க எல்லாம் இங்கதான் வருவாங்க, வெல கம்மி" என்றார்.

இல்லாத விமானம் ஒன்று ஒரு வருஷமாக என் தலைக்குள் பறந்துகொண்டிருந்திருக்கிறது. விழுந்துவிடுமோ என்று நான் பயந்த விமானத்தில் எங்கள் எண்ணெய் ஒரு சொட்டும் ஏறியதே இல்லை. எண்ணெய் இந்த ஊரைவிட்டுப் போகவே இல்லை. சிவப்பு காட்டியது என்று நான் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்ததை, வெளுத்து அதே கடைக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அதை மறைக்க என் கையெழுத்து. இந்தத் தொழிலே பித்தலாட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒழுங்காக ஆலைக்கு அனுப்புகிறவர்கள் எங்கோ இருப்பார்கள். என் தலையெழுத்து, நான் போய் மாட்டியது இப்படி ஒருவரிடம்.

ரோட்டுக்கு வந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். கேலி எதுவும் செய்யவில்லை. "எங்க ஆபீஸ் வாசல்ல வண்டிக்கடையில தெனம் சாப்டறேன்" என்றார். பிறகு, "எல்லா பேப்பர்லயும் உன் கையெழுத்துதானே?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்கும் பயம் வந்துவிட்டது. என்னைவிட அவர் தைரியசாலி என்று இருபது வருஷமாக நினைத்திருந்தேன்.

"உன்னையும் சேத்துத்தான் புடிப்பாங்க" என்றார்.

"தெரியும்."

"விட்டுட்டு வந்துடு. வேலைக்கு நின்னுட்டேன்னு சொல்லிடு."

மில் வாசலிலிருந்து ஒரு குட்டியானை வண்டி டின்களை ஏற்றிக்கொண்டு என்னைத் தாண்டி ஊருக்குள் போனது. இதுவரை போன டின்களிலாவது வெறும் பழைய எண்ணெய்தான். இன்றைக்கு வெளுக்கப்போவதில் மினரல் ஆயில் இருக்கிறது, எத்தனை துணியில் வடித்தாலும் போகாது. யார் வயிற்றுக்கோ போகப்போகிறது. எனக்கு ஜெயில் பயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த வண்டி போன திசையைப் பார்த்த பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. தைரியம் வந்து நான் போகவில்லை. பெரிய பயம் சின்னப் பயத்தைத் தள்ளிக்கொண்டு போனது, அவ்வளவுதான்.

"நான் வரேன். நீங்க வாசல்ல நில்லுங்க" என்று சொல்லிவிட்டு கலெக்டர் ஆபீஸுக்கு வண்டியை விட்டேன்.

அங்கேயே இருந்த உணவுப் பாதுகாப்பு ஆபீசர் ஒரு சின்ன வயதுப் பெண். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். அவசரம் என்று புரிந்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆட்களுக்குப் போன் செய்து ஜீப்பைக் கிளப்பினார். பிறகு என் போனில் இருந்த காகிதங்களின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"இது யாரு கையெழுத்துங்க?"

"என்னுதுதாங்க."

"இது?"

"அதுவும்."

"எல்லாத்துலயும் 'நானே நேரில் பார்த்தேன்'னு எழுதியிருக்கு. டேங்கர் எங்க போச்சின்னு ஒரு தடவையாவது பின்னாடி போய்ப் பாத்தீங்களா?"

இல்லை என்றேன். ஒரு சொட்டு எங்கே பிறந்தது என்று மட்டும் கேட்டார்கள், எங்கே போய்ச் சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் தப்பிக்கப் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன். புகாரை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் கதவோரம் நின்று நான் எழுதி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்குள் ஷெட்டுக்கு சீல் வைத்துவிட்டார்கள் என்று போன் வந்தது. காலையிலிருந்து போன டின்களைத் தேடிக் கடை கடையாகப் போகிறார்களாம். ஓனர் போன் அணைந்து கிடந்தது. இன்றுவரை அணைந்துதான் கிடக்கிறது. என் பெயரும் வழக்கில் இருக்கிறது. என்னவாகும் என்று தெரியாது. காலிங் பெல் அடித்தால் இன்னும் உடம்பு தூக்கிப்போடுகிறது.

ஆனால் அன்றைக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அந்தம்மாவிடம் சொல்ல வேண்டும். போலீஸைவிட, ஜெயிலைவிட எனக்கு அதுதான் பயம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதையும் நான் காப்பாற்றவில்லை.

நான் போனபோது சாப்பாட்டு நேரம். தீபம் முடிந்தும் தங்கிவிட்ட வெளியூர்க்காரர்கள் இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இலை போட்டாகிவிட்டது, வடை வைத்துக்கொண்டு போகிறார்கள், பின்னால் சோறு வருகிறது. அந்தம்மா தூண் ஓரம் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். விமானம் இல்லை என்று சொன்னேன். வானம் இல்லை என்று சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "அப்ப இத்தினி மாசமா நாங்க குடுத்தது?"

"வெளுத்து டின்னுல ஊத்தி வித்திருக்காங்கம்மா."

"யாரு சாப்ட்டது?"

"நம்ம ஜனங்கதாம்மா."

"எந்த மில்லுன்னீங்க?"

"அவலூர்பேட்ட ரோட்ல. மூடிக் கெடக்குதே, அந்த ரைஸ் மில்லு."

அவர் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார். அங்கே பெரிய சட்டியில் அடுத்த ஈடு வடை பொன் நிறமாக மிதந்துகொண்டிருந்தது. பக்கத்தில் புதிதாக உடைத்த டின்.

"அன்னதானம்னு சொன்னா இன்னும் கொறச்சித் தருவாங்க" என்றார். "நாங்க அங்கதான் வாங்கறோம். காலையிலகூட ரெண்டு டின்னு வந்துச்சி."

அடுத்த நொடி வரிசையின் தலைப்பக்கம் போய்க் குனிந்தார். முதல் இலையிலிருந்து வடையை எடுத்தார். அடுத்த இலையிலிருந்து எடுத்தார். முந்தானையை ஏந்தி அதில் போட்டுக்கொண்டே போனார். போட்ட சோற்றை இலையிலிருந்து எடுக்கிற வழக்கம் எந்த அன்னதானத்திலும் கிடையாது. உட்கார்ந்திருந்தவர்கள் திகைத்துப் பார்த்தார்கள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இலையில் விழுந்தது. நான் எதிர் வரிசைக்கு ஓடினேன். "சாப்டாதீங்க, மன்னிச்சிடுங்க, வடைய மட்டும் சாப்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்தேன்.

கடைசி இலையில் வயதான ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் நடந்து வந்த கால், புழுதியும் வெடிப்புமாக. நான் கையை நீட்டியதும் அவர் இலையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"துன்னுட்டேனே தாயி" என்றார். "நல்லாத்தான் இருந்துச்சி."